மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன்

என் 1/10 அளவு ரிமோட் காரில் போட்டிருந்த பிரஷ்லெஸ் (உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் மூன்றே மாதத்தில் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. 3650 அளவு, அதாவது 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். பெட்டியில் 3900 கேவி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். கேவியைப் பலர் சக்தி என்றே நினைக்கிறார்கள். அது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு மட்டும்தான், 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் 28,860 சுற்று. அதே அளவு மோட்டாரில் கேவி கூடக்கூட, அதே முறுக்குவிசைக்கு அதிக ஆம்பியர் வேண்டும், மோட்டார் தண்டில் மாட்டும் பல்சக்கரமான பினியனையும் பெரிதாகப் போட்டால் சூடு ஏறத்தான் செய்யும்.

சரி, பிரித்தேன். பின்பக்க பேரிங்கில் செம்மண் தூசி அப்பிக்கிடந்தது, விரலால் சுற்றினாலே உரசியது. அதைவிடக் கவலை தந்தது காந்தம். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினாலே நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்கும், அப்புறம் பேரிங் மாற்றினாலும் பழைய இழுவை வராது.

இப்போது சென்சார் உள்ள மோட்டாருக்கு மாறிவிட்டேன். உள்ளே சுழலும் ரோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சிக்கு முன்பே தெரிவதால், மெதுவாகக் கிளம்பும்போது வரும் அந்தத் திக்கல் சுத்தமாக இல்லை. பேரிங் மாற்றுவதற்கு வசதியாகப் பின்மூடியைத் திருகு போட்டு மூடியிருக்கிறார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.