தேர்வுக்கு இரவல் கார்

ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், பயிற்சிப் பள்ளியின் கார் அன்று கிடைக்காது என்று தெரியவந்ததால், சித்தப்பா தம்முடைய காரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். “முழுக் காப்பீடு இருக்கிறது, கவலைப்படாதே” என்றார். இருந்தாலும் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

முழுக் காப்பீடு என்பது எந்தெந்தச் சேதத்துக்கு ஈடு கிடைக்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, யார் ஓட்டினால் கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டாம் பக்கத்தில் ஓட்டுநர்கள் என்ற தலைப்பின்கீழ் சித்தப்பா, சித்தி ஆகிய இரண்டு பெயர்களும், அதற்கடியில் பொடி எழுத்தில் முழு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே ஓட்டலாம் என்ற வரியும் இருந்தன. உரிமையாளர் மனமுவந்து சாவியைக் கொடுப்பது வேறு, காப்பீட்டு நிறுவனம் சம்மதிப்பது வேறு.

நிறுவனத்துடன் பேசி, கூடுதல் பிரீமியம் கட்டி, பழகுநராக என் பெயரைச் சேர்த்தோம். தேர்வு நேரத்தில் பக்கத்தில் அமர்பவர் சித்தப்பா அல்லர், தேர்வாளர் என்பதால், அதற்கும் பாதுகாப்பு உண்டா என்று தனியாகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டோம். (தொலைபேசியில் சொல்லும் ‘உண்டு சார்’ பின்னால் கைகொடுக்காது.) நான் எங்காவது இடித்திருந்தால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சித்தப்பா சேர்த்துவைத்திருந்த பிரீமியத் தள்ளுபடிதான் போயிருக்கும், அதை நினைத்தே வண்டியைக் கூடுதல் நிதானமாக ஓட்டினேன்.

தேறியவுடன் பழகுநருக்கான பாதுகாப்பு முடிந்துவிடும் என்பதும் அந்த மின்னஞ்சலில் இருந்தது. ஆகவே, கையில் தேர்ச்சிச் சான்றுடன் நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்க, வீடுவரை சித்தப்பாவே ஓட்டிவந்தார்.