திங்கட்கிழமைச் சந்தையும் பேர் வெட்டிய தூக்கும்

காரைக்குடிக்குப் போவதென்றால் ஞாயிறு ராத்திரி போய்ச் சேருங்கள். போன தடவை நான் சனி, ஞாயிறு என்று கணக்குப் போட்டுப் போய் வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். சந்தை திங்கட்கிழமைதான் கூடும் என்று திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த முறை திங்களுக்கு லீவு சொல்லிவிட்டு, எழும்பூரில் பல்லவன் ரயிலைப் பிடித்து ராத்திரி போய் இறங்கிவிட்டேன்.

காலையில் முதல் வேலை வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். அப்புறம் சந்தை. சுற்றுக் கிராமத்துக் காய், கருவாடு, வத்தல், வெற்றிலை, மண்சட்டி என்று எந்த ஊர்ச் சந்தையிலும் இருப்பதுதான் இங்கேயும். என்னை நிறுத்தியது மசாலா சாமான் விற்ற ஒரு அம்மாவின் சாக்கு விரிப்பு: கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் குட்டிக் குட்டிக் குவியல். "ஆத்தா, இதுல எது இந்த ஊர்ல விளையுது?" என்று கேட்டேன். "இங்க என்னத்தப்பு விளையுது, வெயில்தான் விளையுது" என்றது. நூறு கிராம் கல்பாசி வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பதில் நாள் முழுக்கக் கூடவே வந்தது. கானாடுகாத்தானுக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் செம்மண்ணும் கருவேலமும்தான். நடுவில் திடீரென்று, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக வரிசை வரிசையாக வீடுகள். உள்ளே பர்மாத் தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி. நகரத்தார் என்கிற இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் ரங்கூன், மலேயா, இலங்கை என்று போய் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்ததெல்லாம் கப்பலேறி இங்கே வந்து நின்றிருக்கிறது. 1912-இல் கட்டிய செட்டிநாடு அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்த்தேன், பெரிய வருத்தமில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காவல்கார ஐயா திறந்து காட்டினார், அது போதும்.

முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கிறது. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. கல்யாணம் ஆனால்தான் இவர்கள் கணக்கில் ஒரு புள்ளி, கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். இப்போது பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். "கல்யாணம், படைப்புன்னா எல்லாரும் வந்துருவாக தம்பி, அன்னிக்கு இங்க நிக்க இடம் இருக்காது" என்றார் ஐயா. படைப்பு என்றால் முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது. சுவரைத் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் அரைத்துப் பூசிய சுவர், மதிய வெயிலிலும் சில்லென்று இருந்தது.

ஊர் மண்ணில் பிறந்தது என்று காட்ட ஒன்று உண்டு: தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல். பட்டறையில் ஒருவர் கண்ணாடிப் பலகைமேல் தகட்டு அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்ட் பாலை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கினார். கலர் ஒன்றோடொன்று கலக்கவில்லை! மேலே சிமெண்டும் ஊர் மணலும் போட்டு அமுக்கி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, பாலிஷும் கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. வீட்டில் போட்டபின் நடக்க நடக்கத்தான் மெருகேறும் என்றார்.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சாமி கும்பிட்டதோடு சரி.

சாயங்காலம் மறுபடி காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு. பழஞ்சாமான் கடைகள். இடித்த வீடுகளின் தூண், நிலைக்கதவு, இனாமல் சட்டி, மரப்பெட்டி எல்லாம் தெருவரை வழிகிறது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது, அப்புறம் அங்கே இருந்த சொத்தும் போனது. கப்பலில் வந்த சாமான் இப்போது லாரியில் பெங்களூருக்கும் எங்கெங்கோவும் போகிறது. வாங்குபவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. நானும் ஒரு பித்தளைத் தூக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பக்கவாட்டில் விலாசத்தோடு ஒரு பொம்பளைப் பேர் வெட்டியிருந்தது. சீர்ச் சாமானாக வந்ததாக இருக்கும், அடி தேய்ந்திருந்தது, நன்றாகப் புழங்கிய தூக்கு.

"பேரை வேணும்னா தேய்ச்சு எடுத்துரலாம் சார், அரைமணி நேரம்" என்றார் கடைக்காரர். வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். விலையில் மட்டும் ஐம்பது ரூபாய் குறைத்தார்.

ராமேஸ்வரத்திலிருந்து வரும் ராத்திரி ரயிலில் கல்பாசிப் பொட்டலத்தைத் தூக்குக்குள் போட்டு வைத்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திருச்சி தாண்டுவதற்குள் எதிர் பெர்த்காரர் எழுந்து உட்கார்ந்து, "யாரு சார் பிரியாணி கொண்டாந்தது?" என்று கேட்டார்.