கட்சியோடு வந்தவர்கள்: 1940 கூட்டணி அரசு, நாள்வாரிக் குறிப்புகள்

மே 8

1940இல் இதே நாள் இரவு பிரிட்டிஷ் பொதுமக்கள் சபையில் எண்ணிய வாக்குகள்: அரசுக்கு 281, எதிராக 200. விவாதம் நார்வேயில் ஜெர்மனியிடம் பட்ட தோல்வியைப் பற்றியது. தீர்மானம் என்னவோ சபையை ஒத்திவைக்கும் சாதாரணத் தீர்மானம்தான். 81 வாக்கு வித்தியாசத்தில் பழமைவாதக் கட்சிப் பிரதமர் சேம்பர்லேன் ஜெயித்தார். ஆனால் அவருக்கு இருநூறுக்கும் மேல் பெரும்பான்மை இருந்த சபை அது. ஆளும் வரிசையிலிருந்து நாற்பது பேர் அளவில் எதிர்த்து வாக்களித்தார்கள், அதைவிட அதிகம் பேர் வாக்களிக்கவே இல்லை.

வாக்கெடுப்பு கேட்பதா வேண்டாமா என்பதில் எதிர்க்கட்சியான தொழிற்கட்சிக்குள்ளேயே தயக்கம் இருந்தது. எதிர்க்கட்சி வாக்கெடுப்பு கேட்டால், முணுமுணுக்கும் ஆளுங்கட்சிக்காரர்கள் கொறடாவுக்குப் பயந்து ஒன்றுகூடிவிடுவார்கள் என்பது அனுபவம். விவாதத்தின் இரண்டாம் நாள் காலையில்தான் துணிந்தார்கள், அக்கட்சியின் மாரிசன் சபையில் அதை அறிவித்தார். பதிலுக்குச் சேம்பர்லேன் எழுந்து, இந்தச் சபையில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்றார். நாட்டின் உயிர்ப் பிரச்சினையைக் கட்சிக் கணக்காக்கிவிட்டார் என்ற கோபத்தை அந்த ஒரு வாக்கியமே கிளப்பிவிட்டது.

மே 9

சேம்பர்லேன், தொழிற்கட்சித் தலைவர் அட்லியையும் துணைத் தலைவர் கிரீன்வுட்டையும் அழைத்துக் கேட்டார்: என் தலைமையில் கூட்டணி அரசுக்கு வருவீர்களா? இல்லையென்றால், வேறொருவர் தலைமையில் வருவீர்களா? இருவரும் அங்கேயே பதில் சொல்லவில்லை. கட்சியின் தேசிய செயற்குழு மாநாட்டுக்காக போர்ன்மத்தில் கூடியிருக்கிறது, அதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

போர் நடக்கும்போது இது என்ன நடைமுறைப் பிடிவாதம் என்று தோன்றலாம். காரணம் 1931. அந்த ஆகஸ்டில் தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட், வேலையில்லாதோர் உதவித்தொகை வெட்டில் அமைச்சரவை பிளந்ததும், கட்சியைக் கேட்காமல் எதிரணியோடு சேர்ந்து 'தேசிய அரசு' அமைத்தார். கட்சி அவரை நீக்கியது. அக்டோபர் தேர்தலில் 1929இல் வென்றிருந்த 287 இடங்கள் 52 ஆகச் சுருங்கின. பெயரில் தேசிய அரசு, உள்ளே ஒரு கட்சியின் தலைகளை மட்டும் பிடுங்கி வைத்த அரசு.

போர்க்கால ஒற்றுமை அரசுகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எதிரணியிலிருந்து வருபவர் கட்சியோடு வருகிறாரா, கட்சியை விட்டு வருகிறாரா? விட்டு வருபவர் தன் ஒரு வாக்கை மட்டும் கொண்டுவருகிறார், தொழிற்சங்கங்களையோ கிளைகளையோ அல்ல. அட்லி கேட்ட அந்த ஒரு நாள் அவகாசம்தான் பின்னால் ஐந்தாண்டுகளைத் தாங்கியது.

மே 10

விடியற்காலையில் ஜெர்மனி ஹாலந்து, பெல்ஜியம், லக்சம்பர்க் மீது பாய்ந்தது. சேம்பர்லேன் மனம் மாறினார்: இப்படியொரு நேரத்தில் பிரதமர் மாறலாமா? அவருக்கு மிக நெருக்கமான அமைச்சர் கிங்ஸ்லி வுட்தான் 'இதனால்தான் நீங்கள் போக வேண்டும்' என்ற நிலையை எடுத்தார்.

மாலையில் போர்ன்மத்திலிருந்து தொலைபேசியில் பதில் வந்தது. சாரம் இரண்டே வரி. புதிய பிரதமர் வேண்டும். அந்த அரசில் தொழிற்கட்சி முழுப் பங்காளியாக இருக்கும். யார் அந்தப் பிரதமர் என்று செயற்குழு பெயர் சொல்லவில்லை, அது கெட்டிக்காரத்தனம். பெயர் சொல்லியிருந்தால் எதிர்க்கட்சி நியமித்த பிரதமர் என்ற முத்திரை விழுந்திருக்கும். பழமைவாதக் கட்சியில் பலருக்கும் மன்னருக்கும் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் மேல்தான் விருப்பம். ஆனால் அவர் பிரபுக்கள் சபை உறுப்பினர், பொதுமக்கள் சபைக்குள் வந்து பதில் சொல்ல முடியாது, அவரும் முன்வரவில்லை. அன்று மாலையே சர்ச்சில் அரண்மனைக்குப் போனார், பிரதமரானார்.

மே 11

இலாகாப் பங்கீடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

போர் அமைச்சரவையில் ஐந்தே பேர். சர்ச்சில், சேம்பர்லேன், ஹாலிஃபாக்ஸ் என்று பழமைவாதிகள் மூவர். அட்லி, கிரீன்வுட் என்று தொழிற்கட்சியினர் இருவர். முந்தைய 1935 தேர்தலில் தொழிற்கட்சி வென்றது 154 இடம். இட விகிதப்படி பார்த்தால் ஐந்தில் இரண்டு மிக அதிகம். அந்த அதிகம்தான் 'முழுப் பங்காளி' என்பதற்கான விலை. ஐவரில் ஹாலிஃபாக்ஸ் தவிர யாருக்கும் பெரிய துறை கிடையாது. அட்லிக்கு லார்ட் பிரிவி சீல், சேம்பர்லேனுக்கு லார்ட் பிரசிடென்ட் (இரண்டும் பெரிய துறைப் பொறுப்பு இல்லாத பழைய பதவிகள்), கிரீன்வுட் இலாகா இல்லாத அமைச்சர். தினமும் கூடி முடிவெடுக்க வேண்டியவர்கள் துறைக் கோப்புகளில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஏற்பாடு இது.

அடுத்து மூன்று படைத்துறைகள். கடற்படை தொழிற்கட்சியின் அலெக்சாண்டருக்கு, தரைப்படை பழமைவாதி ஈடனுக்கு, விமானப்படை லிபரல் தலைவர் சின்க்ளேருக்கு. கட்சிக்கு ஒன்று. பார்க்கத் தாராளம்தான். ஆனால் சர்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் என்ற பதவியைப் புதிதாக உண்டாக்கித் தானே வைத்துக்கொண்டு, முப்படைத் தலைமைத் தளபதிகளோடு நேராகப் பேசினார். மூன்று அமைச்சர்களும் போர் அமைச்சரவைக்கு வெளியே. படை நிர்வாகம் அவர்களிடம், போரை நடத்துவது சர்ச்சிலிடம். கௌரவத்தைப் பங்கிட்டு, கட்டுப்பாட்டைப் பங்கிடாமல் வைத்த இந்த வேலையில் அரசியல் நுட்பம் நிறைய இருக்கிறது.

இடறிய இடமும் உண்டு. சேம்பர்லேனைச் சபை முன்னவராக்க சர்ச்சில் விரும்பினார், தொழிற்கட்சி மறுத்தது. அவர் கைவிட்டார். சேம்பர்லேனை முழுசாக வெளியேற்றவும் முடியாது, ஏனென்றால் பழமைவாதக் கட்சியின் தலைவர் அப்போதும் அவர்தான். அக்டோபரில் உடல்நலம் கெட்டு அவர் விலகிய பிறகே கட்சித் தலைமை சர்ச்சிலுக்கு வந்தது.

மே 13

சபையில் நம்பிக்கைத் தீர்மானம்: 381க்கு 0. போர்ன்மத் மாநாட்டில் தொழிற்கட்சியின் ஒப்புதல்: ஆதரவாக 24,13,000, எதிராக 1,70,000 (சங்கங்கள் தங்கள் உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துப் போடும் மொத்த வாக்குகள் இவை). முதல் எண்ணை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் கனமானது. தொழிலாளர் அமைச்சராக வந்த எர்னஸ்ட் பெவின் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர்கூட இல்லை, போக்குவரத்துத் தொழிற்சங்கத்தின் பொதுச்செயலாளர். ஜூனில்தான் போட்டியின்றி உறுப்பினரானார். அவரோடு வந்தது அந்தச் சங்கத்தின் பலம்.

கொறடா அலுவலகத்தைக் கவனியுங்கள். பழமைவாதி மார்கெசனும் தொழிற்கட்சியின் சார்லஸ் எட்வர்ட்ஸும் தலைமைக் கொறடா பதவியைக் கூட்டாக வகித்தார்கள். யாரும் யாருடைய ஆட்களையும் விரட்டவில்லை, அவரவர் மந்தையை அவரவர் மேய்த்தார்கள். இரண்டு கட்சிகளையும் ஒரே கொறடாவின் கீழ் வைத்திருந்தால் முதல் சிக்கலிலேயே பிளவு வெளிப்பட்டிருக்கும்.

இன்னொன்று, எதிர்வரிசை காலியாகக் கூடாது. அடுத்த வார அலுவல் என்ன என்று அரசைக் கேட்கவும் குறைகளை எழுப்பவும் ஒருவர் வேண்டும். அமைச்சரவைக்குப் போகாத மூத்த தொழிற்கட்சி உறுப்பினர் லீஸ்-ஸ்மித் அந்த வேலையைச் செய்தார். அவருக்குப் பின் பெதிக்-லாரன்ஸ், பிறகு அமைச்சரவையிலிருந்து வெளியே வந்த கிரீன்வுட்.

மே 22

அவசரகால அதிகாரச் சட்டம் ஒரே நாளில் எல்லாக் கட்டங்களையும் தாண்டியது. ஆட்களையும் உழைப்பையும் சொத்தையும் அரசின் கைக்குக் கொடுக்கும் சட்டம். கொண்டுவந்தவர் அட்லி. யாரையும் எந்த வேலைக்கும் அனுப்பும் அதிகாரம் பெவினுக்கு வந்தது. அதோடு சேர்த்தே, போரால் வந்த மிகை லாபத்தின் மீதான வரி 60 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்ந்தது. தொழிலாளியைக் கட்டாயப்படுத்தினால் முதலாளியின் லாபத்தையும் எடு என்ற பேரம் இதில் தெரிகிறது. ஒரு சங்கத் தலைவர் கையெழுத்தில் வந்ததால்தான் முதல் பாதியைத் தொழிற்சாலைகள் ஏற்றன.

மே 28

ஐவர் அறைக்குள் நடந்த சண்டை. 26ஆம் தேதி தொடங்கி, இத்தாலி வழியாக ஜெர்மனியோடு சமரசம் சாத்தியமா என்று பார்க்கலாம் என்றார் ஹாலிஃபாக்ஸ். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தாலே எழ முடியாது என்பது சர்ச்சிலின் நிலைப்பாடு. சேம்பர்லேன் இடையில் நின்றார். அட்லியும் கிரீன்வுட்டும் சர்ச்சில் பக்கம் உறுதியாக நின்றார்கள். லிபரல் கட்சித் தலைவர் என்ற காரணம் காட்டி சின்க்ளேரையும் சர்ச்சில் அறைக்குள் அழைத்துக்கொண்டார்.

28 மாலை, போர் அமைச்சரவைக்கு வெளியே இருந்த இருபத்தைந்து பேர் அளவிலான அமைச்சர்களைத் தன் அறையில் கூட்டிப் போராட்டம் தொடரும் என்றார். எல்லாக் கட்சியினரும் ஆரவாரம் செய்தார்கள். ஏழு மணிக்கு ஐவர் மறுபடி கூடினபோது அதைச் சொன்னார், ஹாலிஃபாக்ஸ் மேலும் வலியுறுத்தவில்லை. வாக்கெடுப்பு எதுவும் இல்லை. இரண்டு தொழிற்கட்சிக்காரர்களும் அந்த அறையில் இல்லாமல், பழமைவாதிகள் மூவர் மட்டும் இருந்திருந்தால் கணக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூலை 2

1942இல் இதே நாள், வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் எதிரியிடம் விழுந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். முன்மொழிந்த வார்ட்லா-மில்ன் சர்ச்சிலிடம் அதிகாரம் குவிந்துவிட்டது என்றார். வழிமொழிந்த அட்மிரல் கீஸ் அவருக்கு இன்னும் அதிகாரம் வேண்டும் என்றார். ஒன்றுக்கொன்று முரண். தீர்மானம் தோற்றது: எதிராக 475, ஆதரவாக 25.

சபைக்குள் இப்படி. வெளியே வேறு கதை. 1939 செப்டம்பரிலேயே மூன்று பெரிய கட்சிகளும் ஓர் உடன்பாடு செய்திருந்தன: இடம் காலியானால், அதை வைத்திருந்த கட்சியே வேட்பாளரை நிறுத்தும், மற்ற இரண்டும் போட்டியிடா. ஒற்றுமைக்கு இது தேவை. ஆனால் அதிருப்திக்கு வடிகால் அடைபட்டது. வாக்காளர்கள் சுயேச்சைகளைத் தேடிப்போனார்கள். 1942இல் மட்டும் கிராந்தம், ரக்பி, வாலசி, மால்டன் என்று நான்கு இடங்களைப் பழமைவாதக் கட்சி சுயேச்சைகளிடம் இழந்தது. அடுத்து, இந்த உடன்பாட்டை ஏற்காத காமன்வெல்த் கட்சி எடிஸ்பரி, ஸ்கிப்டன், செம்ஸ்ஃபோர்டு தொகுதிகளை வென்றது. பொதுத்தேர்தலோ 1940இல் வர வேண்டியது, ஆண்டுக்கொரு சட்டம் போட்டு ஐந்து முறை தள்ளினார்கள். இந்த இடைத்தேர்தல் முடிவுகளை அன்றே யாராவது கூட்டிப் பார்த்திருந்தால் 1945 அதிர்ச்சியாக இருந்திருக்காது.

ஜூலை 5

1945இல் தேர்தல் நாள். ஐரோப்பாவில் போர் முடிந்ததும், ஜப்பான் தோற்கும்வரை கூட்டணியைத் தொடரலாம் என்று மே 18இல் சர்ச்சில் எழுதிக் கேட்டார். அட்லிக்கும் பெவினுக்கும் தொடர்வதில் விருப்பம் இருந்தது. மறுபடியும் கட்சியிடம்தான் போனார்கள். இம்முறை மாநாடு பிளாக்பூலில், பதில்: வேண்டாம். 23ஆம் தேதி சர்ச்சில் ராஜினாமா செய்து, தொழிற்கட்சி இல்லாத காபந்து அரசு அமைத்தார். 1931போல யாரும் பிய்த்துக்கொண்டு தங்கவில்லை, யாரையும் நீக்க வேண்டியிருக்கவில்லை.

வெளிநாட்டிலுள்ள படைவீரர்களின் வாக்குகள் வந்து சேர மூன்று வாரம். இடையில் நேச நாட்டுத் தலைவர்களின் போட்ஸ்டாம் மாநாட்டுக்கு சர்ச்சில் அட்லியையும் கூட்டிக்கொண்டு போனார், யார் ஜெயித்தாலும் பேச்சுவார்த்தை அறுபடக் கூடாது என்பதற்காக. 26ஆம் தேதி எண்ணியபோது தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். மாநாட்டுக்கு அட்லி பிரதமராகத் திரும்பினார். வெளியுறவு அமைச்சராகப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெவின்.