ஐம்பது மீட்டரில் பெல்லட்: சோதனைக் குறிப்புகள்

பிப்ரவரி 2

ஃபீல்டு டார்கெட் போட்டியில் (காற்றுத் துப்பாக்கியால் இலக்கின் துளைக்குள் சுட்டு அதைச் சாய்ப்பது) இலக்குகள் 8 கஜம் முதல் 55 கஜம் வரை நிற்கும். 55 கஜம் என்றால் 50 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைஃபிளுக்கு உச்சவரம்பு 12 அடி-பவுண்டு, சுமார் 16.3 ஜூல். 0.547 கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) நொடிக்கு 240 மீட்டரில் கிளம்பினால் 15.8 ஜூல் ஆகிவிடும். வேகத்தில் இனி எடுக்க ஒன்றுமில்லை. மிச்சமெல்லாம் பெல்லட்டின் உருவத்திலும் ஒருசீரான தன்மையிலும்தான்.

பிப்ரவரி 5

தலை வடிவம். தட்டைத் தலை 10 மீட்டரில் காகிதத்தைப் பஞ்ச் போட்டதுபோல வெட்டும். தூரம் கூடினால் காற்றுத்தடையில் வேகம் சரிந்து குரூப் (குண்டுகள் விழுந்த இடங்களின் கூட்டம்) சிதறும். கூர்முனை பார்க்க அழகு, ஆனால் முனை மிகச்சரியாக மையத்தில் அமைவது அபூர்வம். உருண்டைத் தலைதான் நம்பகம்.

இடுப்பு ஒடுங்கிய வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. எடை தலையில், பின்னால் உள்ளீடற்ற ஸ்கர்ட், அதாவது பாவாடைபோல விரிந்த வால். ஷட்டில்காக் மாதிரி, பின்பக்கக் காற்றின் இழுவை மூக்கை நேரே வைக்கிறது. இடுப்பில்லாத, துப்பாக்கித் தோட்டா வடிவ ஸ்லக்குக்கு இழுவை குறைவுதான். ஆனால் பிடித்து நிறுத்த வால் இல்லாததால் சுழற்சியை மட்டுமே நம்பவேண்டும். பெல்லட் பேரல்களில் (குழல்களில்) உள்ள சுருள் பள்ளம் குண்டைச் சுழற்றுகிறது; சாதாரணமாகக் கிடைக்கும் 450 மி.மீ.க்கு ஒரு சுற்று, நீளமான ஸ்லக்குக்குப் போதாமல் போகலாம். 16 ஜூலில் ஸ்லக் வீண் செலவு என்பதே என் கணிப்பு.

பிப்ரவரி 9

தரம் பிரித்தல். 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும்; 0.005 கிராம் இடைவெளியில் கூறு போட்டால் போதும். அதே ஆற்றலில் 10 மில்லிகிராம் கூடினால் 50 மீட்டரில் சுமார் 5 மி.மீ. கீழே விழும். 0.005 கிராமுக்குக் குறைந்த வித்தியாசத்துக்கு மெனக்கெட வேண்டாம்.

எடையைவிடத் தலை விட்டம் முக்கியம்: 4.50, 4.51, 4.52 மி.மீ. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, குண்டில்லை என்று உறுதி செய்தபின், பெல்லட்டைப் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியால் பேரல் வழியே மெதுவாகத் தள்ளி எடுத்து லென்ஸில் பாருங்கள். தலையைச் சுற்றிலும் மெல்லிய வரிகள் ஒரே ஆழத்தில் பதிந்திருக்கவேண்டும். ஒருபக்கம் மட்டும் வரி இருந்தால் தலை தளர்வு, பெல்லட் சாய்ந்து போகிறது. எல்லாப் பக்கமும் ஆழமாக வெட்டியிருந்தால் இறுக்கம்.

ஸ்கர்ட் நசுங்கியதைக் கம்பி விட்டு நிமிர்த்தாதீர்கள், பூஜ்யம் வைக்கும்போது (குறிபார்ப்பானைச் சரிசெய்யும்போது) சுட்டுத் தீர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவவேண்டும், ஈயம்.

பிப்ரவரி 14

காற்று. காற்றுத்தடையே இல்லையென்றால் 50 மீட்டர் கடக்க 0.208 நொடி. நிஜத்தில் 0.246 நொடி ஆகிறது. இந்த 0.038 நொடித் தாமதத்தைக் குறுக்குக்காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும்: 2 மீ./நொடி காற்றுக்கு ஏழரை செ.மீ. இலக்கின் துளை 40 மி.மீ.! அதே காற்றில் 25 மீட்டரில் விலகல் 2 செ.மீ.கூட இல்லை. தூரம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்கு.

கீழே விழுவது கால் மீட்டருக்கு மேல், ஆனால் அது தினமும் ஒரே அளவு, தொலைநோக்கியின் டரட்டை (உயரம் சரிசெய்யும் குமிழை) அதற்கேற்பத் திருப்பிவிடலாம். காற்றுக்கு அப்படிச் செய்யமுடியாது. பெல்லட்டை எடைபோட்டுப் பிரிப்பதைவிட, இழுவை குறைந்த ரகத்தைத் தேடுவதில் பலன் அதிகம்: தாமதம் பத்து சதவீதம் குறைந்தால் முக்கால் செ.மீ. மிச்சம்.

பிப்ரவரி 15

30 மீட்டரில் குண்டெல்லாம் ஒரே துளை, 50-இல் விசிறியாகச் சிதறல் என்றால் என்ன செய்வது? முதலில் பேரல் முனையைப் பாருங்கள்: சிறு பிசிறு இருந்தாலும் பின்னால் வெளியேறும் காற்று ஸ்கர்ட்டை ஒருபக்கம் தள்ளும். அடுத்து ஈயப்படிவு. துணியால் இழுத்துச் சுத்தம் செய்தபின் முதல் பத்து இருபது குண்டு வேறு இடத்தில் விழும், அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. க்ரோனோவில் (குண்டின் வேகம் அளக்கும் கருவியில்) வேகம் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால், பெல்லட்டைக் குறை சொல்லாமல், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

மூன்று குண்டு குரூப் எதையும் சொல்லாது. குறைந்தது பத்து.