ஸ்பீக்கர் கிழியவில்லை, ஆல்பமே அப்படித்தான்

நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற அமெரிக்க இண்டி ராக் குழுவின் இரண்டாவது ஆல்பமான 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி ஸீ'யை முதன்முதலாகப் போடுபவர்களில் பலர், இரண்டாவது பாட்டில் ஒலி கரகரத்ததும் எழுந்துபோய் ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்ப்பார்கள். ஒயரில் கோளாறு இல்லை.

1997 கோடையில் அமெரிக்காவின் டென்வர் நகரில், ராபர்ட் ஷ்னைடர் தயாரிப்பில் பதிவானது இது. கரகரப்புக்காக கிட்டாரிஸ்டுகள் காலால் மிதிக்கும் ஃபஸ் பெடல் எதையும் அவர் நம்பியிருக்கவில்லை. குழுவின் பாடகர் ஜெஃப் மாங்கமின் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மிக நெருக்கமாக நாய்மன் யு87 மைக்கை வைத்து, அதன் சிக்னலை பெல்லாரி என்ற வால்வு ப்ரீ-ஆம்ப்பில் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) கொள்ளளவை மீறித் திணித்தார். அப்படித் திணிக்கும்போது அலையின் உச்சிகள் மழுங்கிக் கரகரப்பாகின்றன, மெல்லிய ஒலிக்கும் பெருத்த ஒலிக்கும் இருக்கும் இடைவெளி சுருங்குகிறது. போதாததற்கு ட்ரம்பெட், டிராம்போன், வில்லால் இழுத்து வாசிக்கும் மரமறுக்கும் ரம்பம் என்று எல்லாம் மேலே ஏறி உட்கார்கின்றன. போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் காணாமல் போய், நடு ஸ்தாயி இரைச்சல் மட்டுமே காதில் அறையும். "தாங்க முடியல" என்பவர்களிடம் எதில் கேட்டீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

1998 பிப்ரவரியில் மெர்ஜ் இசை நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டபோது எதிர்பார்ப்பு அடக்கமாகத்தான் இருந்தது. முதல் அச்சில் 5,500 சிடி, 1,600 வினைல் தட்டு. ரோலிங் ஸ்டோன் இதழ் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தந்தது. நாட்டுப்புற வாசனையில் மயங்காதவர்களுக்கு இது சோகையான பகற்கனவு என்பதுதான் அதன் குறை. பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் பத்துக்கு 8.7 போட்டது. அதே பிட்ச்ஃபோர்க் 2005 மறுவெளியீட்டுக்கு முழுசாக 10 போட்டது.

இடைப்பட்ட ஏழு வருடத்தில் பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. மாங்கம் மேடையை விட்டு ஏறக்குறைய மறைந்துவிட்டார், பேட்டியும் அபூர்வம். கேட்டவர்கள் அடுத்தவருக்குக் கொடுத்துக் கொடுத்தே இந்த ஆல்பம் பரவியது. 2008-இல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 10,200 வினைல் தட்டுகள் விற்று, அந்த ஆண்டின் வினைல் விற்பனையில் ஆறாவது இடம். வெளிவந்து பத்து வருடமான தட்டு இது!

என் கணக்கில் 8.7 நியாயமான மதிப்பெண். அது காதில் விழுந்ததற்குப் போட்டது. அந்த 10-இல் ரசிகர்களின் ஏழு வருடக் காதலும் சேர்ந்திருக்கிறது. ஆகவே எந்த விமர்சனத்தைப் படித்தாலும் மேலே இருக்கும் வருடத்தைப் பாருங்கள்.

ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்து மாங்கம் குலுங்கிப்போனது உண்மை, சில வரிகளில் அவள் இருப்பதும் உண்மை. ஆனால் பதினொரு தடத்தையும் அவளுடைய கதையாகவே கோத்துவிடுவது அதிகம். முதல் பாட்டில் இருப்பது ஒரு வீட்டின் அப்பா அம்மா சண்டை. பத்தாவது தடத்தில் வரிகளே இல்லை, பைப் வாத்தியம்தான் பிய்த்து உதறுகிறது.

புதிதாகக் கேட்பவர் ஆல்பத்தின் பெயரையே தாங்கிய மூன்றாவது பாட்டில் தொடங்கலாம், ரம்பத்தின் அழுகையைப் பழகிக்கொள்ள அதுவே நல்ல இடம். அப்புறம் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ஓ கம்லி'. கிட்டாரையும் குரலையும் மாங்கம் ஒரே மூச்சில், ஒரே டேக்கில் முடித்தது. கடைசியில் பின்னாலிருந்து யாரோ வியந்து கத்துவது பதிவாகியிருக்கிறது. அதை அழிக்காமல் விட்டார்கள். இந்தப் பாட்டிலும் மனம் ஒட்டவில்லையென்றால் வற்புறுத்திக் கேட்காதீர்கள், ரோலிங் ஸ்டோன்காரர் உங்கள் கட்சி.