சம்பளப் பட்டியலில் ஒரு வரி

ஜூன் 9, 2025

டீ வருவதற்கு முன்பே தபால் வந்துவிட்டது. ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து, "சம்பளப் பிரிவு" என்று முகவரியிட்ட கவர். உள்ளே மூன்று பக்கம். மேலே தராசு படம், கீழே சிவப்பு மையில் உள்ளங்கை அகல முத்திரை. எங்கள் மில் ஃபிட்டர் அண்ணன் கிரெடிட் கார்டு பாக்கி வைத்திருக்கிறாராம். அவர் சம்பளத்தை உடனே நிறுத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் கம்பெனி மீதும் நடவடிக்கை வருமாம்.

மேனேஜர் முதல் பக்கத்தோடு முடித்துக்கொண்டார். "நிறுத்தி வச்சிரு. நமக்கெதுக்கு வம்பு."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். உட்கார்ந்து மறுபடி படித்தால், வழக்கு எண் இல்லை, எந்த கோர்ட் என்றும் இல்லை. அந்த முத்திரை வக்கீலுடையது. 11 வருடமாக இந்த மேஜையில் சம்பளம் போடுகிறேன். ஒரே ஒரு தடவை ஜீவனாம்ச வழக்கில் நிஜ உத்தரவு வந்திருக்கிறது. அதில் இவ்வளவு பெரிய முத்திரை இல்லை.

ஜூன் 10

மேனேஜரிடம் 1936-ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடா சட்டத்தைக் காட்டினேன். எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 7-வது பிரிவில் பட்டியலே இருந்தது. கோர்ட் உத்தரவு அதில் இருந்தது, வக்கீல் கடிதம் இல்லை. நிறுத்தினால் மாட்டுவது நாம்தான் என்றதும் இறங்கி வந்தார். "கோர்ட் உத்தரவு இருந்தால் அனுப்பவும்" என்று ஒற்றை வரியில் பதில் போட்டாயிற்று.

மதியம் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "மில்லு வரைக்கும் வந்துட்டானுகளா தம்பி" என்றார், அவ்வளவுதான்.

2019-இல் வாங்கிய கார்டு. மகளின் நர்சிங் ஃபீஸுக்குத் தேய்த்தது. கொரோனா சமயத்தில் மில் மூடியபோது கட்டுவது நின்றுவிட்டது. அதுவரை மாதாமாதம் மினிமம், அதாவது பில்லில் கட்டாயம் கட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டியிருக்கிறார். அந்தக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் போட்டுக் காட்டினேன். 60,000 பாக்கிக்கு 5 சதவீதம் மினிமம் என்றால் 3,000. மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 2,100. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378. ஆக, 3,000 கட்டினால் அசலில் கழிவது 522. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 14

ராத்திரி 9.20-க்கு அண்ணனிடமிருந்து போன். வசூல் ஏஜென்ட் லைனில் இருக்கிறான், நீங்களே கேளுங்கள் என்று கான்ஃபரன்ஸில் போட்டுவிட்டார். "420 கேஸ், வாரண்ட் ரெடி, நாளைக்கு மாமியார் வீட்டு வாசலில் வந்து நிற்போம்" என்று ஒரு சின்னப் பையன் குரல், எழுதி வைத்ததைப் படிப்பது போல.

வசூலுக்குக் கூப்பிட காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரைதான் நேரம் என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மிரட்டக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. நான் நேரத்தைச் சொன்னதும் பையன் வைத்துவிட்டான்.

எந்த நம்பர், எத்தனை மணி என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னேன். முதலில் பேங்குக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம், கட்டணம் கிடையாது.

"ஜெயிலுக்குப் போவனா தம்பி?" அண்ணன் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்ட வழியில்லாதவனைக் கடனுக்காகச் சிறையில் போட முடியாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசதி இருந்தும் மறைத்துக் கட்டாமல் இருப்பவன் கதை வேறு. செக் கொடுத்து அது திரும்பினாலும் வேறு, அது குற்ற வழக்காகும். அண்ணன் செக் எதுவும் கொடுக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

ஜூலை 7

முழுச் சம்பளம் போட்டாயிற்று.

ஜூலை 16

கோர்ட் உத்தரவைக் கொண்டுவரும் ஊழியர், அமீனா, வந்தார். ஒல்லியான மனிதர், பழைய டிவிஎஸ் மொபெட், தோளில் துணிப்பை. மிரட்டல் இல்லை, சத்தம் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இது நிஜம். மங்கலான சின்ன முத்திரைதான், ஆனால் கோர்ட்டின் பெயர், ஈ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) நம்பர், நீதிபதியின் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. 2023-இல் பேங்க் வழக்குப் போட்டு, அண்ணன் ஆஜராகாததால் 2024-இல் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருக்கிறது. செலவுத்தொகையோடு 2,36,000. சம்பளத்தில் பிடித்து மாதாமாதம் கோர்ட்டில் கட்ட வேண்டும். கட்டாமல் அவர் கையில் கொடுத்தால் அந்தப் பணத்துக்குக் கம்பெனிதான் பொறுப்பு.

அண்ணன் சத்தியம் செய்தார், சம்மனே வரவில்லை என்று.

ஜூலை 17

காலையில் ஒரு 25 கிலோ அரிசிப் பையோடு வந்தார். நாலு வருடத்துக் கவர்கள். பாதி பிரிக்கவே இல்லை. மேஜையில் கொட்டி இரண்டு குவியலாகப் பிரித்தோம், வக்கீல் ஆபீஸ் முத்திரை இந்தப் பக்கம், கோர்ட் முத்திரை அந்தப் பக்கம். முதல் குவியல் சரிந்து விழுகிற அளவுக்கு உயர்ந்தது. இரண்டாவதில் ஒன்றே ஒன்று, 2023-இல் வந்த சம்மன். அவர் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு தம்பி. மொதல்ல வந்த பத்தைப் பிரிச்சு நடுங்கினேன். அப்புறம் பிரிக்கறதையே விட்டுட்டேன்."

எனக்கு அந்தச் சிவப்பு மைக்காரர்கள் மேல்தான் கோபம் வந்தது. பொய்யாகப் பயம் காட்டிக் காட்டி, நிஜமாகப் பயப்பட வேண்டிய தாளையும் பிரிக்க விடாமல் செய்துவிட்டார்கள்.

சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவின்படி, முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. அண்ணனின் மொத்தச் சம்பளம் 22,000. ஆயிரம் போக 21,000. அதில் மூன்றில் ஒன்று 7,000. ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால், அதற்குமேல் அந்த டிகிரிக்குச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. 24 மாதத்துக்கு 1,68,000 ஆகிறது. பி.எஃப். பணத்தையும் தொட முடியாது. சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, மனைவியின் தாலி இதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. தாலி விஷயத்தைச் சொன்னபோது, "அது எப்பவோ அடகுல" என்று சிரித்தார்.

ஜூலை 21

அரை நாள் லீவு போட்டு அவரோடு கோர்ட் வளாகத்திலுள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். பெண்களைப் போலவே ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. எனக்கே அது அங்கு போய்த்தான் தெரியும்.

வக்கீலம்மா உத்தரவைப் படித்துவிட்டு, "இவர் மில்லில் என்ன வேலை?" என்று கேட்டார்.

"ஃபிட்டருங்க."

"அப்புறம் ஏன் மூன்றில் ஒரு பங்கு?"

மாதச் சம்பளத்துக்குத்தான் அந்தக் கணக்காம். தொழிலாளியின் கூலி என்றால் 60-வது பிரிவின்படி ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. திறன் பெற்ற தொழிலாளியும் அதில் அடக்கம். நான் போன வாரம் அதே பக்கத்தைப் படித்தேன், இரண்டு வரி மேலே இருந்திருக்கிறது. கண் நேராகச் சம்பளத்துக்குத்தான் போயிருக்கிறது. தொழில் புத்தி.

எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்யக் கேட்பது கஷ்டம், 30 நாள் கெடு எப்போதோ போய்விட்டது, தாமதத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்றார். முதலில் கூலியைக் காப்பாற்ற ஒரு மனு. அண்ணன் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 7

மனுவில் உத்தரவு வரும்வரை பிடித்துத்தான் ஆக வேண்டும். பே ஸ்லிப்பில் "நீதிமன்றப் பிடித்தம் 7,000" என்று ஒரு வரி. பி.எஃப்.புக்கும் கேன்டீனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் ஸ்லிப்பை வாங்கி, தொகையைப் பார்க்காமல் மடித்தார்.

ஆகஸ்ட் 22

வாய்தா. வக்கீலம்மா சம்பளப் பதிவேட்டின் நகலை நீட்டினார், அதில் ஃபிட்டர் என்றே இருக்கிறது. பேங்க் வக்கீல் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினார். கார்டு விண்ணப்பத்தோடு 2019-இல் கொடுத்த சம்பளச் சான்றிதழ். பதவி: மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்.

கீழே தயாரித்தவரின் சுருக்கொப்பம் இருக்கிறது, என்னுடையது. ஃபிட்டர் என்று போட்டால் கார்டு தரமாட்டார்கள், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் தம்பி என்று அண்ணன் அன்றைக்குக் கேட்டார். மேனேஜரும் தலையாட்டினார், நான் டைப் செய்தேன். இரண்டு நிமிட வேலை, மறந்தே போனது.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். அண்ணன் எதுவும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாய்தா செப்டம்பர் 12. அசல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நான் சாட்சிக்கு வர வேண்டும் என்றார் வக்கீலம்மா. மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை.