ஸ்டிக் இல்லாத கண்ட்ரோலர்: பட்டன்களுக்கு இடம் பார்த்த அனுபவம்

சண்டை விளையாட்டுகளுக்காக, முழுக்க முழுக்கப் பட்டன்களாலேயே ஆன கண்ட்ரோலர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். அட்டையில் வைத்துப் பழகிய அமைப்பு இப்போது 3 மி.மீ. அக்ரிலிக் பலகைக்கு ஏறிவிட்டது.

இடது கையில் திசைப் பட்டன்கள்: மோதிர விரலுக்கு ‘இடம்’, நடுவிரலுக்குக் ‘கீழ்’, ஆள்காட்டி விரலுக்கு ‘வலம்’. குதிப்பதற்கான ‘மேல்’ பட்டன் மட்டும் தனியே கட்டைவிரல் பக்கம் இருக்கிறது. அது 30 மி.மீ. விட்டம்; மற்றவை எல்லாம் 24. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் நெருப்புப் பந்து வீச கீழ், கீழ்-வலம், வலம், பிறகு குத்து. ஸ்டிக்கில், அதாவது திசைக்கு அசைக்கும் கைப்பிடியில், இதற்கு மணிக்கட்டே வளைய வேண்டும். இங்கே நடுவிரலை அழுத்தி, அது மேலெழும் முன்பே ஆள்காட்டி விரலையும் அழுத்தி, நடுவிரலை விட்டால் போதும். அந்த நொடி கைக்குப் பிடிபட்டபோது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

வலது கைதான் நிறைய நேரம் எடுத்தது. ஜப்பானிய ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகளில் உள்ள எட்டுப் பட்டன் வளைவை அச்செடுத்து மேசையில் ஒட்டினேன். கண்ணை மூடி, கையைத் தளர்வாக அதன் மேல் வைத்து, விரல் நுனி விழுந்த இடங்களைப் பென்சிலால் குறித்தேன். மூன்று விரல்கள் சரியாக உட்கார்ந்தன; சுண்டுவிரல் மட்டும் வட்டத்துக்குக் கீழே நின்றது. சுண்டுவிரலுக்கான கடைசி வரிசையைக் கீழே இறக்கினேன். விரலை எட்டி எட்டி நீட்ட வேண்டிய அமைப்பு எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் என் கைக்கு ஆகாது.

துளைக்கு, அதைப் படிப்படியாகப் பெரிதாக்கும் ஸ்டெப் டிரில், அடியில் ஒரு மரக்கட்டை, மெதுவான வேகம். வேகம் கூடினால் அக்ரிலிக் உருகி ஒட்டிக்கொள்ளும்.

ஒயர், கனெக்டர் எல்லாம் வாங்கியது சிங்கப்பூர் ஜாலான் புசார் சிம் லிம் டவரில். மூளை, ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு மின்னணுப் பலகை. மென்பொருள், இலவசமாகக் கிடைக்கும் ஜிபி2040-சிஇ. பட்டனின் ஒரு கால் பிக்கோவின் ஒரு ‘பின்’னுக்கு (இணைப்பு முனைக்கு), மறு கால் கிரவுண்டுக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான முனைக்கு. கிரவுண்டை ஒவ்வொன்றாகத் தொடுத்துக்கொண்டே போகலாம். இடமும் வலமும் சேர்ந்து அழுந்தினால் இரண்டும் ரத்தாகும்படி வைத்திருக்கிறேன்.

நின்டெண்டோ சுவிட்சில் விளையாடும் தம்பி கேட்டான், “அண்ணே, இதுல ஏ எங்க?” நியாயமான கேள்வி. 1990இல் வந்த நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாமைப் போலவே சுவிட்சிலும் ஏ வலப்பக்கம். எக்ஸ்பாக்ஸில் அதே எழுத்து கீழே. அதனால் பட்டன்களில் எழுத்தே போடவில்லை. மென்பொருளிலும் எழுத்துக்குப் பதில் எண்தான். எந்தக் கருவியில் செருகினாலும் ஒரே விரல், ஒரே இடம்.

பாக்கி இருப்பது ஸ்டார்ட் பட்டன். ஆட்டத்தின் நடுவே தவறி அழுந்திவிடக் கூடாது என்பதால், அதைப் பெட்டியின் பின்பக்கச் சுவருக்குக் கொண்டுபோகிறேன்.